வளையத்தின் உயரம்

தோட்டம்
பிப்ரவரி 3

மருமகளுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம் என்று என் மகன் போனில் சொல்லிவிட்டான்; அதனால் அதைக் கேட்டு ஒரு வரி வீணாக்கவில்லை.

இந்தக் கடிதத்தை நீ வேலை செய்யும் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அவன் பிரிப்பான். பிரித்தால் உடனே போன் செய்து, "அம்மா, நீங்க ரெண்டு பேரும் சமாதானமா போயிட்டீங்களா?" என்று குரல் தழுதழுப்பான். சமாதானம் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு சந்தேகம், அதற்குப் பதில் தெரிந்தவள் நீ. அவ்வளவுதான். போனில் கேட்கலாமே என்பாய். போனில் நாம் பேசினால் முதல் நிமிஷத்தில் நான் ஏதாவது சொல்வேன், இரண்டாம் நிமிஷத்தில் நீ ஏதாவது சொல்வாய், சந்தேகம் அப்படியே கிடக்கும்.

போன மழைக்காலத்தில் பால்காரர் முன்னால், "அத்தைக்குக் கண்ணு போயிடுச்சு, இனிமே துப்பாக்கியைத் தொடக் கூடாது" என்று சொல்லி, என் வீட்டுத் துப்பாக்கி அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாய். மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இருவரும் கிளம்பினீர்கள். சாவியை என் மகன் பிறகு கொரியரில் அனுப்பினான். நீ அனுப்பவில்லை.

கண் டாக்டரிடம் போனேன். நீ சொன்னதற்காகப் போகவில்லை. கண்ணாடிக் கால் உடைந்திருந்தது, அதற்காகப் போனேன். அவர் பலகையில் கடைசி வரி வரை படிக்கவைத்துவிட்டு, "யாரும்மா சொன்னது உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு?" என்றார். யார் என்று நான் சொல்லவில்லை.

ஆக, கண் சரி. ஆனால் துப்பாக்கி மேல் இருக்கும், குறிபார்க்கிற ஸ்கோப்பில் பார்த்தால் இன்னமும் இருட்டுகிறது. படம் காசு அளவுக்குத்தான் தெரிகிறது. சுற்றிலும் ஒரு கறுப்புப் பிறை, நான் அசைந்தால் அதுவும் அசைகிறது. டவுன் கடைக்காரனிடம் கேட்டேன். "வளையத்தை மாத்திப் பாருங்கம்மா" என்றான். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்துகிற இரண்டு இரும்பு வளையம், அதற்கு என்ன என்றால், "தாழ்வு, நடு, உயரம்னு மூணு தினுசு இருக்கு. உங்களுக்கு எது வேணும்?" என்று என்னையே கேட்கிறான். தெரிந்தால் நான் ஏன் அவனிடம் போகிறேன்?

கிழக்குப் பக்கத்து வாழை இளங்கன்றுகளைப் பன்றிகள் தோண்டிப் போட்டுக்கொண்டிருக்கின்றன. பன்றியைச் சுட அனுமதிச் சீட்டு என் பெயரில் இருக்கிறது. வேலிக்கு மேல் வேலி போட்டுப் பார்த்தாயிற்று.

எந்த வளையம் என்று மட்டும் எழுது.

உன் மாமியார்


துப்பாக்கிக் கடை
பிப்ரவரி 9

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. பட்டறை மேஜையில் எண்ணெய்க் கையோடு பிரித்தேன், ஓரமெல்லாம் கறை. முதலாளி எட்டிப் பார்த்து, "யாரு எழுதியிருக்கா?" என்றார். "மாமியார்" என்றேன். "அடடா, உடம்பு சரியில்லையா?" "உடம்பு நல்லாத்தான் இருக்கு சார், துப்பாக்கிதான் சரியில்லை." அவர் கல்லாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

எந்த வளையம் என்று ஒரு வார்த்தையில் எழுத முடியாது. எல்லோரும் இந்தத் துப்பாக்கிக்கு எந்த உயரம் என்றுதான் கேட்கிறார்கள். முகத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சாய்த்தால், கண் தானாக ஸ்கோப்பின் நடுவுக்கு வர வேண்டும். வளையம் அதிக உயரமானால் கண் கீழே தங்கிவிடும். படத்தைத் தேடித் தலையைத் தூக்குவீர்கள். தூக்கிய தலை நிலையாக நிற்காது. நீங்கள் எழுதிய கறுப்புப் பிறை அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் தோட்டாவை எடுத்துவிட்டு, தோட்டாவை ஏற்றுகிற போல்ட்டையும் கழற்றி வேறு அறையில் வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூடியபடியே துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தை வசதியாகச் சாயுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். தலையை அசைக்கக் கூடாது. முழு வட்டம் தெரிந்தால் வளையத்தில் குற்றமில்லை. தெரியாவிட்டால் கன்னம் படுகிற இடத்தில் அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வாருங்கள். முழு வட்டம் தெரிகிறபோது நிறுத்தி, அடுக்கின தடிமனை அளந்து எழுதுங்கள். உங்கள் வளையம் எவ்வளவு இறங்க வேண்டும் என்பது அதுதான்.

கண் சரி என்று டாக்டர் சொன்னது சந்தோஷம். ஊரை விட்டு வருவதற்கு முன்னால் அந்தத் துப்பாக்கியை நானும் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். எனக்குப் படம் முழுசாகத் தெரிந்தது. அதனால்தான் கண் என்று முடிவுகட்டினேன். எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் தலையை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே என் கழுத்தே நிறுத்திவிடும் என்பதை யோசிக்கவில்லை. தினமும் இதே வேலை.

ஆனால் அலமாரியைப் பூட்டியதைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதற்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் குண்டு பட்டுத்தான் அடுத்த நிலத்தில் இருக்கும் பால்காரரின் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை விழுந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் அவருடைய பசு நின்றுகொண்டிருந்தது. காரணம் கண்ணோ வளையமோ, அன்றைக்கு யாராவது பூட்டத்தான் வேண்டும்.

அளவு வருகிற வரைக்கும் சுடாதீர்கள்.

மருமகள்


தோட்டம்
பிப்ரவரி 16

மருமகளுக்கு,

சோதனை முடிந்தது. கண்ணைத் திறந்தால் ஸ்கோப்புக்குள் எதுவுமே இல்லை. அதன் அடிப்பக்கத்து இரும்புதான் தெரிந்தது. இத்தனை நாள் நான் எப்படிப் பார்த்தேன் என்று எனக்கே ஆச்சரியம். வழக்கம்போலத் தூக்கிப் பார்த்தேன். கன்னம் கட்டையில் படவே இல்லை. தாடைதான் கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் திட்டில் தாடையை வைத்துத் தெருவை வேடிக்கை பார்க்கிற மாதிரி.

செருப்புப் பெட்டி அட்டையை வெட்டி அடுக்கினேன். பதினான்கு மில்லிமீட்டர். என் மகன் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த அடிக்கோலால் அளந்தேன். முனை உடைந்தது, ஆனால் உடைந்தது சென்டிமீட்டர் இல்லாத முனை.

நீ தூக்கியபோது உனக்குத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன? உன் கன்னம் தலையணை மாதிரி. என் முகத்தில் எலும்பும் தோலும்தான் மிச்சம்.

பதினான்கு என்றதும் டவுன் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். "நீதானே இந்த வளையத்தை மாட்டினே?" என்றேன். "அம்மா, உங்க பையன் கொண்டுவந்த ஸ்கோப்போட முன்கண்ணாடி அண்டா மாதிரி இருக்கு. உயர வளையம் போடலைன்னா குழல்ல இடிக்கும். இடிக்காம இருந்தாப் போதும்னு போட்டேன். உங்க கன்னத்தையா நான் அளந்துக்கிட்டு இருப்பேன்?" என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. திரும்பிவிட்டேன்.

சுடவில்லை. சுடாமல் இருப்பதால் ஒரு ஆண் பன்றிக்குக் குளிர்விட்டுப்போய்விட்டது. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறேன். சொல்லாமல் வருகிறது, வயிறு முட்டத் தின்கிறது, போகும்போது சொல்லிக்கொள்வதில்லை. பொழுது சாய்கிற நேரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே, நான் வராந்தாவில் நின்று பார்க்கிறேன் என்று தெரிந்தும் தோண்டுகிறது.

பதினான்குக்கு எந்த வளையம்?

அத்தை

பசுவைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் தெரியும். நான் அன்றே பார்த்தேன்.


துப்பாக்கிக் கடை
பிப்ரவரி 22

அத்தைக்கு,

பதினான்கு மில்லிமீட்டர் பெரிய அளவு. முதலாளியிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. "அஞ்சு, ஆறுன்னா சரி. பதினாலுன்னா அந்தம்மா முகம் என்ன வாழைப்பட்டையா?" என்றார். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நீங்களும் என் கன்னத்தைத் தலையணை என்று எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கோபப்படாதீர்கள்.

ஒன்று. போன வருஷம் உங்கள் வலது புருவத்துக்கு மேலே பிறை மாதிரி ஒரு வெட்டு இருந்தது. கேட்டதற்கு அலமாரிக் கதவு இடித்தது என்றீர்கள். அலமாரிக் கதவு நேராக வெட்டும் அத்தை. வளைவாக வெட்டுவது ஸ்கோப்பின் பின்விளிம்பு. கன்னம் கட்டையில் படியாதவர்கள் படத்தைத் தேடித் தலையை முன்னால் கொண்டுபோவார்கள்; சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், விளிம்பு புருவத்தில் இறங்கும். கடைக்கு அப்படி ஒட்டுப்போட்ட நெற்றியோடு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் நெற்றியை மட்டும் சரியாகப் பார்க்கவில்லை.

இரண்டு. இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நேராகக் கேட்டுவிடுகிறேன். சோதனை செய்தபோது பல்செட் போட்டிருந்தீர்களா?

பற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல்செட் கட்டினீர்களே, அதைக் கழற்றினால் கன்னம் உள்ளே போகும். கன்னம் உள்ளே போனால் முகம் கட்டையில் இன்னும் இறங்கும். கண்ணும் கூடவே இறங்கும். எந்தக் கன்னத்துக்கு வளையம் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும்.

மருமகள்


தோட்டம்
பிப்ரவரி 28

ஏம்மா,

நாற்பது வருஷமாக இந்தத் தோட்டத்தை நடத்துகிறேன். உன் மாமா போன பிறகு தனியாக நடத்துகிறேன். விதவிதமான ஆட்கள் விதவிதமாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பல்செட் போட்டுக்கொண்டு சுடுகிறாயா, கழற்றிவிட்டுச் சுடுகிறாயா என்று கேட்டவள் நீ ஒருத்திதான்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பதில் எழுதுவதில்லை என்று இருந்தேன். அப்புறம் சும்மா பார்ப்போமே என்று பல்செட்டைப் போட்டுக்கொண்டு அளந்தேன்.

ஒன்பது.

கழற்றினால் பதினான்கு. ஐந்து மில்லிமீட்டர் என் வாயிலேயே இருந்திருக்கிறது.

கழற்றிவிட்டுத்தான் சுடுகிறேன். துப்பாக்கி உதைக்கும்போது மேல் செட் ஆடும். உன் முதலாளியிடம் இதைச் சொல்லாதே.

புருவத்தைப் பற்றி நீ எழுதியது சரி. அலமாரிக் கதவு இல்லை. அன்றைக்கு வீட்டில் நீங்கள் இருவரும் இருந்தீர்கள். உண்மையைச் சொன்னால் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். கடைசியில் அப்படியும் பிடுங்கத்தானே செய்தீர்கள்.

மாப்பிள்ளை நேற்று மூன்று கன்றுகளைச் சாய்த்துவிட்டது. சீக்கிரம் எழுது.

அத்தை


துப்பாக்கிக் கடை
மார்ச் 6

அத்தைக்கு,

பல்செட் விஷயம் முதலாளிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

கணக்கு இதுதான். உங்கள் ஸ்கோப்பின் முன்கண்ணாடிக் கூடு வெளிவிட்டம் அறுபத்திரண்டு. அதை ஏழு மில்லிமீட்டர்தான் இறக்க முடியும். அதற்குக் கீழே போனால் குழலைத் தொடும். தொட்டால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம் போகும். ஆகவே பதினான்கு இறக்க வழியே இல்லை, எந்தக் கடையில் எந்த வளையம் வாங்கினாலும்.

வளையத்தை விட்டுவிட்டுக் கட்டையை உயர்த்தலாம். கன்னம் படுகிற இடத்தில் தோல் மெத்தை ஒன்று கட்டுவார்கள். ஆனால் அதில் பாதி, ஏழு உயரத்துக்குக் கட்டினாலே உங்கள் துப்பாக்கியில் போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது மெத்தையில் இடிக்கும். இரண்டாவது தோட்டா ஏறாது.

பல்செட் போட்டுக்கொண்டு, வளையத்தை ஏழு இறக்கினால், இரண்டு மில்லிமீட்டர்தான் குறையும். பக்கத்தில் வந்துவிடும். ஆனாலும் பிறை ஓரமாக எட்டிப் பார்க்கும். நான் இதைச் சிபாரிசு செய்யவில்லை. மேல் செட் ஆடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று இருக்கிறது. எழுதத் தயக்கமாக இருக்கிறது. முன்கண்ணாடி சின்னதாக உள்ள ஸ்கோப்புக்கு மாறினால் கூட்டின் விட்டம் நாற்பத்தெட்டுதான். விட்டத்தில் குறைகிற பதினான்கில் பாதி, அதாவது இன்னொரு ஏழு இறங்கும். ஏழும் ஏழும் பதினான்கு. தாழ்வு வளையத்தில் சரியாக உட்காரும், பல்செட் இல்லாமலே. பன்றி வருகிற தூரத்துக்கு இவ்வளவு பெரிய கண்ணாடி தேவையும் இல்லை.

ஏன் தயக்கம் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஸ்கோப் உங்கள் பிள்ளை எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்கு ஆசையாக வாங்கிக்கொடுத்தது. அதைக் கழற்றுங்கள் என்று நான் சொன்னால் அது ஸ்கோப்பைப் பற்றிய பேச்சாக இருக்காது. ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டது வளையத்தின் உயரம். என் பதில் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. கடையில் வளையத்தின் பெட்டி மேல் இருக்கிற எண்ணை நம்பாதீர்கள். ஒரு கம்பெனி வளையத்தின் அடிவரைக்கும் அளக்கும், இன்னொரு கம்பெனி நடுவரைக்கும் அளக்கும். அதே எண், வேறு உயரம். மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மருமகள்


துப்பாக்கிக் கடை
மார்ச் 20

அத்தைக்கு,

பதில் வரவில்லை. தபால் தாமதமோ என்று நினைத்துக் காத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

நேற்று அவர் உங்களோடு போனில் பேசிவிட்டு, "அம்மா என்னமோ மாதிரி பேசுறாங்க. 'ம்', 'சரி', 'வைக்கிறேன்', அவ்வளவுதான். வாயில எதையோ வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு" என்றார். அவர் பயந்துபோயிருக்கிறார். பக்கவாதமாக இருக்குமோ என்று டாக்டருக்குப் போன் செய்யப் பார்த்தார். நான் தடுத்தேன். எதற்குத் தடுக்கிறாய் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்று உங்களுக்கு எழுதிய பல்செட்டைப் பற்றி எப்படிச் சொல்வது?

ஸ்கோப்பைப் பற்றி எழுதியதில் கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை, எழுதுங்கள். வேறு ஏதாவது நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஒரு வாரம் பார்ப்பேன். இல்லாவிட்டால் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் முதல் பஸ்ஸில் வந்து நிற்போம்.

மருமகள்


தோட்டம்
மார்ச் 22

மருமகளுக்கு,

வர வேண்டாம். பக்கவாதம் இல்லை. பல்செட் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று கோபம் வந்தது உண்மை. "என் பிள்ளை கொடுத்ததைக் கழற்றச் சொல்ல இவள் யார்?" என்று சமையலறையில் சத்தமாகவே சொன்னேன். கேட்க ஆள் இல்லாததால் இரண்டாவது தடவை சொல்லவில்லை. உன் கடிதத்தில் நீ சிபாரிசு செய்யாத வழி ஒன்று இருந்ததே, எனக்கு அதுதான் பிடித்திருந்தது. டவுனுக்குப் போய், எண்ணைப் பார்க்காமல், மாட்டிப் பார்த்தே நடு வளையம் வாங்கினேன். ஏழு இறங்கியது. பல்செட்டைப் போட்டுக்கொண்டேன். படம் கிட்டத்தட்ட முழுசாகத் தெரிந்தது. அவன் ஸ்கோப்பும் இருக்கும், பன்றியும் விழும் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

தோட்டத்து ஓரத்தில் மண்மேட்டுக்கு முன்னால் பலகை நட்டுச் சுட்டுப் பார்த்தேன். முதல் குண்டில் மேல் செட் ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கடிக்கவும் அதுதானே இருக்கிறது. இரண்டாவது குண்டில் உதை வந்தது, நான் "ஹா" என்றேன், செட் வெளியே பறந்து வாய்க்காலுக்குள் விழுந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மண்வெட்டியால் துழாவினேன். பால்காரர் வந்து, "என்னம்மா தேடுறீங்க?" என்றார். வாயைக் கையால் மூடிக்கொண்டு, "தோடு" என்றேன். பாவம், அவரும் இறங்கி நனைய நனையத் தேடினார். காதில் இரண்டு தோடும் இருப்பதை அவர் கவனிக்கவில்லை.

கிடைக்கவில்லை. பல் டாக்டர் புது செட்டுக்கு அளவு எடுத்திருக்கிறார். அதுவரை போனில் 'ம்' தான்.

பலகையில் பார்த்தேன். ஒரு குண்டு நடுவில், இன்னொன்று பலகையிலேயே இல்லை. அந்த இரண்டாவது குண்டுதான் என் மனசில் உறுத்துகிறது. மேட்டு மண்ணில் புதைந்திருக்கும். அன்றைக்குத் தொட்டிக்குப் போனதும் இதே மாதிரிக் குண்டுதான்.

சின்ன ஸ்கோப் அனுப்பு. தாழ்வு வளையமும். என் மகனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ சொல்லாதே. நீ சொன்னால் நீ சொன்னதாக ஆகிவிடும்.

அத்தை


துப்பாக்கிக் கடை
மார்ச் 27

அத்தைக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையில் சிரித்துவிட்டேன். முதலாளி இந்தத் தடவையும் யார் என்று கேட்டார். "மாமியார்" என்றதும், "மாமியார் லெட்டருக்குச் சிரிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

பார்சலை இன்றைய பஸ்ஸில் போட்டிருக்கிறேன். ஸ்கோப்பும் தாழ்வு வளையமும் உள்ளே இருக்கின்றன. இதே மாதிரித் துப்பாக்கி ஒன்று பழுதுபார்க்க வந்திருந்தது; அதில் மாட்டிப் பார்த்தேன். போல்ட் கைப்பிடி பின்கண்ணாடியில் இடிக்காமல் தூக்க வருகிறது, இடையில் கட்டைவிரல் நகம் நுழையும். முன்பக்கம் குழலுக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு காசு தாராளமாக நுழையும். அவ்வளவு போதும்.

மாட்டும்போது ஒரு திருகை ஒரேயடியாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி. கடைசியாக முடுக்குவதற்கு முன்னால் பழைய சோதனையைச் செய்யுங்கள், கண்ணை மூடி, கன்னத்தைச் சாய்த்து. ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, முழு வட்டம் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். புருவத்துக்கும் விளிம்புக்கும் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். இன்னொரு அலமாரிக் கதவு வேண்டாம்.

இன்னும் ஒன்று. இது வளையத்தைப் பற்றியது அல்ல, இருந்தாலும் எழுதுகிறேன். அங்கே நிற்பது என்ன என்று தெரிந்துகொள்ள ஸ்கோப்பை எடுக்காதீர்கள். ஸ்கோப்பில் பார்த்தால் துப்பாக்கியும் கூடவே அந்தப் பக்கம் திரும்பும். முதலில் பைனாகுலர். பன்றிதான் என்று உறுதியான பிறகு, அதற்குப் பின்னால் குண்டு போய் நிற்க மண் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, அப்புறம் துப்பாக்கி.

உங்கள் பிள்ளையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சீக்கிரம் நீங்களே சொல்லிவிடுங்கள். தினமும் பக்கவாதத்தைப் பற்றிப் படித்து என்னிடம் விளக்குகிறார்.

உங்கள் மருமகள்


தோட்டம்
ஏப்ரல் 11

அன்புள்ள மருமகளுக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. நீ எழுதியபடியே மாட்டினேன். கண்ணை மூடி, கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறந்தேன். முழு வட்டம். எட்டவும் வேண்டாம், தேடவும் வேண்டாம். கழுத்தில் ஒரு இடம் எப்போதும் வலித்துக்கொண்டே இருக்கும், வயசு என்று நினைத்திருந்தேன். அதுவும் வலிக்கவில்லை. மண்மேட்டில் சுட்டுப் பார்த்தேன். எல்லாக் குண்டும் உள்ளங்கைக்குள் அடங்கியது. புருவம் பத்திரம்.

என் மகனிடம் போனில் சொன்னேன். பல் இல்லாத வாயால் சொன்னதால் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. "நீ குடுத்த ஸ்கோப்பைக் கழட்டிட்டேன்டா. என் மூஞ்சிக்கு அது பெருசு" என்றேன். அழப்போகிறான் என்று நினைத்தேன். "அம்மா, கடையில இருந்ததுலயே பெருசு அதுதான். நான் அதை மட்டும்தான் பாத்தேன்" என்றான். அப்புறம், "யாரு கண்டுபிடிச்சது?" என்றான். "உன் பொண்டாட்டி" என்றேன். சொன்ன கையோடு போனை வைத்துவிட்டேன். இந்நேரம் உன்னிடம் வந்திருப்பான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். அவனிடம் சொல்லாதே.

முந்தாநாள் பொழுது சாயும்போது மாப்பிள்ளை வந்தது. கிழக்கு வேலிப் பக்கம், இளங்கன்றுகளுக்கு நடுவில். நல்ல வெளிச்சம் இருந்தது. பைனாகுலரில் பார்த்தேன். பன்றிதான், சந்தேகமில்லை. பின்னால் வரப்பு மேடு, மண். நீ எழுதியது எல்லாம் சரியாக இருந்தது. பைனாகுலரை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தேன். கன்னத்தைச் சாய்த்தேன். குறுக்குக் கோடு அதன் தோளில் நிற்கிறது. இவ்வளவு தெளிவாக ஒரு பன்றியை நான் பார்த்ததே இல்லை, காதிலிருந்த கிழிசல்கூடத் தெரிந்தது. விரலை விசைக்குக் கொண்டுபோனேன்.

வட்டத்தின் மேல் ஓரத்தில் ஏதோ அசைந்தது. வரப்பு மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எழுந்தது. பால்காரர். மண் நிறச் சட்டை போட்டுக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, அவர் பக்கத்து வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பைனாகுலரில் பார்த்தபோது மேடு மறைத்துவிட்டது. கம்பியைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்று முதுகை நிமிர்த்தினார்.

விரலை எடுத்துவிட்டேன். போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தேன். வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை சாவகாசமாக இன்னும் இரண்டு கன்றுகளைத் தின்றுவிட்டுப் போனது. அது போகிற சத்தம் கேட்டுப் பால்காரர் கல்லை விட்டெறிந்தார். நான் அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது.

பழைய ஸ்கோப்பாக இருந்தால் எனக்கு நடுவில் ஒரு காசு அளவுக்குப் பன்றி தெரிந்திருக்கும். சுற்றிலும் கறுப்பு. அந்தக் கறுப்பில் அவர் இருந்திருப்பார். சுட்டிருப்பேன். இதை நான் பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் சுட்டிருப்பேன் என்றுதான் வருகிறது. நீ அன்றைக்கு அலமாரியைப் பூட்டியது சரி. பால்காரர் முன்னால் சொன்ன விதம் சரியில்லை. இரண்டையும் எழுதிவிட்டேன்.

அந்தப் பக்கம் இனிமேல் சுடுவதாக இல்லை. மேற்குப் பக்கம் மேடு உயரம், பின்னால் பாறை. மாப்பிள்ளையை அங்கே வரவழைக்க அழுகின பழத்தைக் கொட்டி வைத்திருக்கிறேன். பால்காரரிடமும், கம்பி முறுக்குவதென்றால் குரல் கொடுத்துவிட்டு முறுக்குங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். பன்றி இருக்கிறது என்றேன்.

நேற்றுக் காலை அவர் வழக்கம்போலப் பால் கொண்டுவந்தார். வாசலில் நின்று பாத்திரத்தில் ஊற்றினார், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. என்ன செய்வது? "இன்னும் ரெண்டு லிட்டர் ஊத்துங்க" என்றேன். "எதுக்கும்மா? தனியாத்தானே இருக்கீங்க, யாராச்சும் வர்றாங்களா?" என்றார். சட்டென்று வேறு எதுவும் தோன்றவில்லை. "மகனும் மருமகளும் வர்றாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு ரொம்பச் சந்தோஷம். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். டவுன் கடைக்காரன்கூடப் போன் செய்து எப்போது வருகிறார்கள் என்று கேட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை எனக்குப் பல் வந்துவிடும். சனிக்கிழமை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வாருங்கள்.

அத்தை